பாலிஹவுஸ் ரோஜாவில் செஞ்சிலந்தியையும் அதைத் தின்னும் பூச்சிகளையும் எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சென்னைக்கு வெளியே, திருவள்ளூர் பக்கம் 25 சென்ட் பாலிஹவுஸ். தாஜ்மஹால் ரகம், கிளை வளைத்து வளர்க்கும் முறை, குளிர்விக்க ஒரு பக்கம் நனைந்த பேட், எதிர்ப்பக்கம் ஃபேன். வாரம் ஒரு மருந்து அடித்தும் மாசி கடைசியிலிருந்து செஞ்சிலந்தி (இலைச் சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப் பேன்) அடங்கவில்லை. அதைத் தின்னும் இரைவிழுங்கிப் பேனை வாங்கி விட்டும் இரண்டு வாரத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பூச்சியை எப்படிக் கண்காணிப்பது, நன்மை செய்யும் பூச்சி வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கொடுத்த மருந்துப் பட்டியலிலேயே பாதி விடை இருக்கிறது. இலைப்பேனுக்கு (இது வேறு, சிறகுள்ள பூச்சி) லாம்ப்டா சைஹலோத்ரின், அடிச்சாம்பல் நோய்க்கு மான்கோசெப், செஞ்சிலந்திக்கு அபாமெக்டின் என்று மாற்றி மாற்றி அடித்திருக்கிறீர்கள். லாம்ப்டா போன்ற பைரித்ராய்டு மருந்துகளின் எச்சம் இலையில் வாரக்கணக்கில் தங்கி இரைவிழுங்கிப் பேனைக் கொல்லும். செஞ்சிலந்தியை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. எதிரி ஒழிந்த இடத்தில் அது இன்னும் வேகமாகப் பெருகும். மான்கோசெப் பூசணத்துக்கு அடிப்பதுதானே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அதுவும் இரைவிழுங்கிப் பேனுக்கு ஆகாது, முட்டையிடுவதைக் குறைத்துவிடும். இந்த எச்சத்தின் மேல், சித்திரை வெயில் நேரத்தில் இரைவிழுங்கியை விட்டால் அது நிற்க வழியில்லை. விட்ட நான்காம் நாள் லென்ஸோடு போய் எண்ணியிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

அதனால் இதை மட்டும் முதலில் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். நோட்டில் பூச்சிக்கு ஒரு பத்தி, அதைத் தின்னும் பூச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி. இரண்டு எண்ணும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்த பிறகுதான் மருந்து டப்பாவைத் தொட வேண்டும். ஒரு நாள் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது? செஞ்சிலந்தி, அதாவது டெட்ராநிகஸ் அர்டிகே, 20 டிகிரியில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதற்கு ஒரு வாரமே போதும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். நம் பக்கம் மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை பாலிஹவுஸுக்குள் பகல் வெப்பம் 35-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கண்காணிக்கும் இடைவெளி ஒரு தலைமுறையை விடக் குறைவாக இருந்தால்தான் எண்ணுவதற்கு அர்த்தம் உண்டு. ஆகவே அந்த மாதங்களில் வாரம் இரண்டு முறை, மற்ற மாதங்களில் வாரம் ஒரு முறை. காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் இரைவிழுங்கிகள் அடி இலைகளுக்குள் இறங்கிவிடும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. 10 மடங்கு லென்ஸ் ஒன்று, முட்டைகளைப் பிரித்துப் பார்க்க 20 மடங்கு லென்ஸ் ஒன்று, தடித்த வெள்ளை அட்டை, சிவப்பு ரிப்பன், அட்டை போட்ட நோட்டு, இலைகளுக்கு நடுவே தொங்கவிட ஒரு டிஜிட்டல் வெப்ப–ஈரப்பத மீட்டர். மீட்டரைத் தலைக்கு மேலே கம்பியில் மாட்டாதீர்கள். பேன் வாழும் உயரத்தில் என்ன ஈரப்பதம் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

25 சென்ட் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். அதை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டையைத் தூணில் கட்டுங்கள். பகுதிக்கு ஐந்து செடி, செடிக்கு மூன்று சிற்றிலை. ஒன்று வளைத்த கிளையின் அடி இலையிலிருந்து, ஒன்று நடு உயரத்திலிருந்து, ஒன்று மொட்டுக்குக் கீழே உள்ள இலையிலிருந்து. ஒவ்வொரு கூட்டிலையிலும் நுனிச் சிற்றிலையை மட்டும் பாருங்கள். மொத்தம் 120 சிற்றிலை. பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு முறையும் அதே ஐந்து செடிகளைப் பார்க்காதீர்கள். பார்க்கும் செடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பேன்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். அந்தச் சிற்றிலையில் உயிருள்ள செஞ்சிலந்தி உண்டா இல்லையா, இரைவிழுங்கி உண்டா இல்லையா என்று இரண்டு கேள்விக்கு மட்டும் டிக் போட்டால் போதும். எண்ணிக்கொண்டு நின்றால் மூன்றாம் வாரமே அலுத்துப்போய் யாரும் செய்ய மாட்டார்கள். ‘உண்டு, இல்லை’ கணக்கை ஆள் மாறினாலும் ஒரே மாதிரி எடுக்க முடியும், அதுதான் அதன் பலம்.

இந்த 120-க்கு வெளியே, செஞ்சிலந்தி எப்போதும் முதலில் தொடங்கும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். உங்கள் குடிலில் ஃபேன் இருக்கும் பக்கம்தான் முதல் இடம். பேட் பக்கத்தில் நுழையும் காற்று ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும், ஃபேனை அடைவதற்குள் சூடாகி உலர்ந்துவிடும். அடுத்தது தெற்கு, மேற்கு ஓரப் பாத்தி, இரும்புத் தூண்களை ஒட்டிய செடிகள், சொட்டுக்குழாய் அடைத்து நீர்ப்பற்றாக்குறையில் நிற்கும் செடிகள், ஆட்கள் நுழையும் கதவோரம். பேன் கண்ட செடியில் ரிப்பன் கட்டி, நோட்டில் பகுதி எண்ணையும் செடியையும் குறியுங்கள். அடுத்த முறை அங்கிருந்து சுற்றிலும் இரண்டு செடி தூரம் பார்த்தால் பரவுகிறதா, நிற்கிறதா என்று புரிந்துவிடும்.

வாய்க்கால் ஓரங்களில் பீன்ஸ் அல்லது தட்டைப்பயறு விதைத்த தொட்டி ஒன்றிரண்டு வையுங்கள். செஞ்சிலந்திக்கு அவை ரோஜாவை விடப் பிடித்தமானவை, வெளிர்ப் புள்ளிகள் அவற்றின் இலையில் முதலில் தெரியும். ஆனால் அந்தத் தொட்டியைக் கவனிக்காமல் விட்டால் அதுவே பேன் பண்ணையாகிவிடும். முற்றும் முன் பையில் போட்டுக் கட்டி வெளியேற்றி, புதிதாக விதையுங்கள்.

இனி லென்ஸுக்குள் என்ன தெரியும் என்பது. கண்காணிப்பில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். இலையைத் திருப்பி நடு நரம்பின் இரு பக்கமும், காம்பு சேரும் இடத்திலும் பாருங்கள். செஞ்சிலந்தியின் முட்டை உருண்டை, கண்ணாடி மணி மாதிரி தெளிவாக இருக்கும், பொரிக்கும் முன் வைக்கோல் நிறமாகும். பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறு கால், பிறகு எட்டு. வளர்ந்த பெண் அரை மில்லிமீட்டர், இரு பக்கமும் கரும்புள்ளி. நம் பக்கம் பச்சை வகையும் உண்டு, முழுச் சிவப்பு வகையும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துச் சிவப்பாக இருந்தால் இரைவிழுங்கி என்று எழுதிவிடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

இரைவிழுங்கிப் பேனை நடையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். செஞ்சிலந்தி இலையில் உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தொந்தரவு செய்தால் மெல்ல நகரும். இரைவிழுங்கி வெளிச்சம் பட்டவுடன் நரம்பை ஒட்டி ஓடும். லேசாக ஒரு முறை ஊதிவிட்டுப் பாருங்கள், ஓடுவது எது என்று உடனே பிரிந்துவிடும். அதன் உடலில் புள்ளி இருக்காது, பளபளக்கும், முன்னங்கால் நீண்டிருக்கும். பெர்சிமிலிஸ் என்ற இரைவிழுங்கி இனம் என்றால் ஆரஞ்சு கலந்த சிவப்பில் பேரிக்காய் வடிவம். நம் நாட்டு இனமான நியோசெயூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் அதைவிட வெளிறியிருக்கும், தின்ற இரையின் நிறம் வயிற்றில் தெரியும். இரைவிழுங்கியின் முட்டை நீள்வட்டம், செஞ்சிலந்தி முட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. உருண்டை முட்டைகள் நடுவே ஒரு நீள்வட்ட முட்டை கிடந்தால் அதை நோட்டில் கட்டாயம் எழுதுங்கள். வளர்ந்த இரைவிழுங்கி கண்ணில் படாவிட்டாலும், அது அங்கே தங்கி இனம் பெருக்குகிறது என்பதற்கு அந்த முட்டையை விட நல்ல சான்று இல்லை.

இறந்ததையும் உயிருள்ளதையும் பிரிக்கத் தெரிய வேண்டும். இலையின் அடியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பேன் அல்ல. பெரும்பாலும் கழற்றிப்போட்ட தோல். சுருங்கிக் கறுத்த ஓடு என்றால் யாரோ உறிஞ்சித் தீர்த்தது. அது நல்ல செய்தி. மேல் இலையில் வெளிர்ப் புள்ளி இருக்கிறதே என்று பதற வேண்டாம், பழைய புள்ளி மறையாது. புதிதாக விரிந்த இலையில் புள்ளி ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

வேறு எதிரிகளும் உண்டு. ஸ்டெத்தோரஸ் என்ற குட்டிப் பொறிவண்டு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இராது, கறுப்பாக மினுங்கும், செஞ்சிலந்தி அடர்ந்த இடத்தில் மட்டும் வரும். சிறகில் கரும்புள்ளிகள் உள்ள ஸ்கோலோத்ரிப்ஸ் என்பது இலைப்பேன் குடும்பத்தில் பிறந்தும் செஞ்சிலந்தி முட்டையைத் தின்னும் வகை. இலைப்பேனைக் கண்டவுடன் மருந்தை எடுக்கும் பழக்கத்தில் இதையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறோம். சிலந்திப் பேன் கூட்டத்துக்குள்ளேயே, புள்ளி வைத்த சிறகோடு திரிந்தால் அதை நன்மைப் பத்தியில் எழுதுங்கள்.

கோடையைத் தாங்குவது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பெர்சிமிலிஸுக்கு 20 முதல் 28 டிகிரி உகந்தது, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 32 தாண்டினால் அதன் வேலை தளரும், காற்று உலர்ந்திருந்தால் அதன் முட்டையே சுருங்கிவிடும். ஓசூர் மேட்டில் ஓடுகிற திட்டத்தை அப்படியே திருவள்ளூருக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான். கடற்கரையை ஒட்டி மதியமே கடற்காற்று வந்துவிடும். உங்கள் இடத்தை அது அடைவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் மேற்குக் காற்று வலுத்தால் சில நாள் வரவே வராது. சென்னைச் சமவெளியில் லாஞ்சிஸ்பைனோசஸும் ஸ்டெத்தோரஸும் கோடைக்குப் பொருத்தம். பெர்சிமிலிஸை மார்கழி, தை மாதங்களில் விட்டால் பலன் கொடுக்கும். எதை விட்டாலும் இலைகளுக்கு நடுவே உள்ள மீட்டரைப் பார்த்து மதியம் ஃபாகரை, அதாவது நீரைப் பனிமூட்டம் போலத் தூவும் கருவியை இயக்குங்கள். இலை சொட்டச் சொட்ட நனையாமல், ஈரம் மட்டும் ஏறும்படி குறுகிய தவணைகளாக விடுங்கள். இரவில் இலை ஈரமாக நின்றால் அடிச்சாம்பலும் மொட்டழுகலும் வந்து சேரும்.

அடுத்து இலைப்பேன். ரோஜாவில் நம் பக்கம் முக்கியமானது ஸ்கிர்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ், மிளகாயைச் சுருட்டும் அதே இலைப்பேன். கொழுந்து ஓரம் பழுப்பாகிச் சுருளும், மொட்டின் வெளி இதழ் கருகும், பூ கோணலாக விரியும். சேதம் கண்ணில் படும்போது பூச்சி அடுத்த கொழுந்துக்குப் போயிருக்கும். ஆகவே இலையைப் பார்க்காமல் தட்டி எண்ண வேண்டும். பகுதிக்கு ஐந்து கொழுந்து நுனி, இரண்டு பாதி விரிந்த பூ. வெள்ளை அட்டையைக் கீழே பிடித்து நுனியை மூன்று முறை தட்டுங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஊர்வதை உடனே எண்ணுங்கள், பறக்க நேரம் கொடுக்காதீர்கள். பூவுக்குள் எண்ண வேண்டுமானால் பூவை பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சோடு கட்டி, சில நிமிடம் கழித்து அட்டையில் உதறுங்கள். தட்டும் அட்டையில் இலைப்பேனைத் தின்னும் பூச்சியும் விழும். கூரிய அலகும் தட்டையான உடலும் கொண்டு ஓடுவது பூ மூட்டைப்பூச்சி வகை. அதையும் எண்ணி எழுதுங்கள்.

இலைப்பேன் முட்டை இலைத் திசுவுக்குள், கூட்டுப்புழு பாத்தி மண்ணிலும் சருகிலும் இருக்கும். இரண்டையும் மருந்து எட்டாது. அடித்த ஐந்தாம் நாள் திரும்பவும் அட்டையில் குஞ்சு விழுந்தால் மருந்து போலி என்று முடிவு கட்ட வேண்டாம், முட்டையிலிருந்து புதிதாக வந்தவையாக இருக்கலாம். தட்டியதில் வளர்ந்தவை மட்டும் விழுந்தால் வெளியிலிருந்து வருகிறது, வலையையும் கதவையும் பாருங்கள். குஞ்சும் சேர்ந்து விழுந்தால் உள்ளேயே பெருகுகிறது.

ஒட்டுப்பொறி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இலைப்பேனுக்கு நீலம்தான் என்று கடையில் நீல அட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். மேற்கத்திய பூ இலைப்பேனுக்கு அது சரி. டார்சாலிஸ் மஞ்சள், மஞ்சள் கலந்த பச்சை நிறத்துக்குத்தான் அதிகம் வரும். ஆகவே உங்களுக்கு மஞ்சள் அட்டை பத்து, ஒப்பிட்டுப் பார்க்க நீலம் இரண்டு போதும். 100 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், செடி நுனிக்கு ஒரு சாண் உயரத்துக்குள் கட்டுங்கள். தண்டு வளர வளர அட்டையையும் ஏற்றுங்கள். இரண்டு அட்டை கண்டிப்பாகக் கதவோரமும் காற்று நுழையும் பக்கமும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை மாற்றி, தேதியும் பகுதி எண்ணும் எழுதுங்கள். நெருக்கமாக ஒட்டியிருந்தால் அட்டையின் நடுவில் ஒரு அங்குல அகலத்துக்கு மேலிருந்து கீழாக எண்ணுங்கள், வாரா வாரம் ஒப்பிட அது போதும்.

அட்டை பறப்பதை மட்டும் பிடிக்கும். செஞ்சிலந்திக்கு இறக்கையே இல்லை, அட்டையில் ஒன்றும் இல்லை என்பதால் குடில் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையில் வெள்ளை ஈ, சிறகு முளைத்த அசுவினி, கூடவே நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளும் பொறிவண்டுகளும் ஒட்டும். அவற்றையும் நன்மைப் பத்தியில் எழுதுங்கள். நன்மைப் பூச்சி விடும் குடிலில் பூச்சியைக் கொத்தாகப் பிடிக்கிறேன் என்று நூறு அட்டை கட்டுவது நல்லதல்ல, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதையும் அது பிடித்துவிடும்.

அசுவினி மார்கழி, தையில் மொட்டுக் காம்பில் வரும். கூட்டத்தில் உப்பிப் பழுப்பாகக் காகிதம் போல ஆன அசுவினிகளைத் தனியாக எண்ணுங்கள், உள்ளே குளவிப் புழு இருக்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. பத்தில் இரண்டு மூன்று இப்படி ஆகியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதோடு விடுங்கள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ உண்டு. எறும்பு காவல் நிற்கும் வரை எதிரிகள் நெருங்க முடியாது, ஆகவே எறும்பை முதலில் நிறுத்துங்கள்.

மாவுப்பூச்சியில் ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி போலவே இருக்கும், ஆட்கள் அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். அதன் மெழுகு இழைகள் நீளமாகக் கலைந்து நிற்கும், வேகமாக நடக்கும், தொட்டால் நகர்ந்து ஓடும். மாவுப்பூச்சி அசைவதே அரிது. பூ வெட்டும் ஆட்களுக்கு இரண்டையும் ஒரே இலையில் வைத்துக் காட்டுங்கள். தினமும் ஒவ்வொரு தண்டையும் கையில் பிடிப்பவர்கள் அவர்கள்தான், அவர்கள் கண்ணை விடப் பெரிய கண்காணிப்பு கிடையாது.

இனி எண்ணை வைத்து முடிவெடுப்பது. ரோஜாவில் மேல் தண்டையும் வளைத்த அடிக் கிளையையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. மேல் தண்டு கோயம்பேட்டுக்குப் போகிறது, அதில் வலையும் புள்ளியும் இருந்தால் விலை போய்விடும். அடிக் கிளையை யாரும் வாங்கப்போவதில்லை. அங்கே கொஞ்சம் செஞ்சிலந்தி இருந்தால்தான் இரைவிழுங்கிக்குச் சாப்பாடு. அடியையும் துடைத்து வெறுமையாக்கினால் இரைவிழுங்கி பட்டினியில் அழிந்து, அடுத்த அலைக்குக் காவல் இல்லாமல் போகும். இதனால்தான் நோட்டில் அடி, நடு, மேல் என்று மூன்றும் தனித்தனி.

நான் பின்பற்றச் சொல்லும் அளவு இது: 120-இல் ஆறுக்கும் குறைவான சிற்றிலைகளில் பேன் இருந்து, மேல் அடுக்கு சுத்தமாக இருந்தால் ரிப்பன் கட்டிக் கவனிக்க மட்டும் செய்யுங்கள். ஆறு முதல் பதினெட்டு என்றால் ரிப்பன் கட்டிய இடங்களில் மட்டும் வேலை. அதற்கு மேல் போனால், பேன் உள்ள சிற்றிலைகளில் எத்தனையில் இரைவிழுங்கி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது இருந்தால் மூன்று நாள் பொறுக்கலாம். பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால் பொறுக்க வேண்டாம். மேல் அடுக்கில் பேன் ஏறிவிட்டால் அந்தப் பாத்திக்கு உடனே மருந்து, அதில் பொறுமைக்கு இடமில்லை.

உதாரணம் வைத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை 120-இல் 18 சிற்றிலையில் பேன், 2-இல் இரைவிழுங்கி. வியாழக்கிழமை பேன் 26, இரைவிழுங்கி 9. பேன் கூடிவிட்டதே என்று அன்று மருந்து அடிக்கத் தோன்றும். ஆனால் இரைவிழுங்கி நாலு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அடுத்த திங்கள் 24-க்கு 15, வியாழன் 11-க்கு 12 என்று போனால் வேலை முடிந்தது. அதே 18-க்கு 2 என்று தொடங்கி 31-க்கு 2, 52-க்கு 1 என்று போனால் இரைவிழுங்கியை ஏதோ கொல்கிறது. எச்சமா, வெப்பமா, ஈரக்குறைவா என்று மருந்து நோட்டையும் மீட்டர் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். அந்தக் காரணம் தீரும் வரை புதிதாக இரைவிழுங்கி வாங்கி விடுவது வீண் செலவு.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் எதை? ஹெக்ஸிதியாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் தடுக்கும், இரைவிழுங்கிப் பேனுக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் வளர்ந்த பேனைக் கொல்லாது. அபாமெக்டின் நேரடியாகப் பட்டால் இரைவிழுங்கியையும் கொல்லும், ஆனால் இலை மேற்பரப்பில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஓரிரு வாரம் கழித்து இரைவிழுங்கியை மறுபடி விடலாம். ஸ்பைரோமெசிஃபென் முட்டை, குஞ்சு மேல் நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் லேபிளில் ரோஜா இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். சுழற்சி என்றால் கம்பெனிப் பெயரை மாற்றுவதல்ல, பூச்சியைக் கொல்லும் விதத்தை வைத்துப் பிரித்த குழு எண்ணை மாற்றுவது. அபாமெக்டின் 6-ஆம் குழு, ஹெக்ஸிதியாசாக்ஸ் 10, ஃபெனசாக்வின் 21, ஸ்பைரோமெசிஃபென் 23. டப்பாவின் பெயர் வேறானாலும் குழு எண் ஒன்றாக இருந்தால் ஒரே மருந்தைத்தான் திரும்ப அடிக்கிறீர்கள். இலைப்பேனுக்கு லாம்ப்டாவை விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தும், ஈரம் உள்ள மாலையில் பவேரியா என்ற, பூச்சியைத் தாக்கும் பூசணமும் இந்தத் திட்டத்தோடு ஒத்துப்போகும். சாம்பல் நோய்க்குக் கந்தகம் எடுப்பவர்கள் கவனிக்க: 32 டிகிரிக்கு மேல் இலை கருகும், இரைவிழுங்கிக்கும் ஆகாது.

அடித்த மூன்றாம் நாள் திரும்ப லென்ஸோடு போக வேண்டும். பிழைத்த பேன் வளைத்த அடிக் கிளையில் மட்டும் இருந்தால் மருந்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நனைந்தால் மஞ்சளிலிருந்து நீலமாகும் தாளை இலையின் அடிப்பக்கம் கிளிப் போட்டு அடித்துப் பாருங்கள், விசைத்தெளிப்பானின் முனை கீழிருந்து மேலாகப் போகிறதா என்று உடனே தெரியும். மேல், நடு, அடி எல்லா அடுக்கிலும், மருந்துக் கறை படிந்த இலையிலும் உயிரோடு திரிந்தால் அந்த மருந்துக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது, வேறு குழுவுக்குப் போங்கள். வளர்ந்தவை செத்து உருண்டை முட்டை மட்டும் மிச்சம் என்றால் கோடையில் ஐந்தாறு நாளில் இன்னொரு முறை தேவைப்படும். அதைத் தள்ளிப்போட்டால் அந்த முட்டைகள் வளர்ந்து மறுபடி முட்டையிட்டுவிடும்.

வேலை ஒழுங்கில் இரண்டு விஷயம். சுத்தமான பகுதியில் தொடங்கி ரிப்பன் கட்டிய பகுதியில் முடியுங்கள், உடையில் பேன் ஒட்டிக்கொண்டு போகும். வெட்டிய கிளையைக் கதவோரம் குவிக்காமல், அங்கேயே கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ஆனால் இரைவிழுங்கி நிறைந்த பாத்தியின் கழிவை அப்படிச் செய்யாமல், பேன் உள்ள பாத்தியின் செடிகள் மேல் ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு மறுநாள் அகற்றலாம். இரைவிழுங்கிகள் இறங்கிக்கொள்ளும்.

மறுபடி வாங்கும்போது: பெங்களூரில் இருக்கும் ஐசிஏஆரின் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் நன்மைப் பூச்சிகளின் தாய் வளர்ப்புகளைப் பராமரிக்கிறது, எந்த இனம் எப்போது கிடைக்கும் என்று அங்கே கேளுங்கள். லாம்ப்டா அடித்த நாளிலிருந்து இரண்டு மாதமாவது கழியட்டும். அதற்குள் விட வேண்டுமானால் முதலில் ஒரே ஒரு பாத்தியில் விட்டு, நான்காம் நாள் நீள்வட்ட முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பார்சல் வந்தவுடன் வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை கொட்டி லென்ஸில் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் ஓடுவது தெரியவில்லை என்றால் வழியிலேயே வெப்பத்தில் செத்திருக்கும். படம் எடுத்து அன்றே அனுப்பியவருக்குத் தெரிவியுங்கள். உயிரோடு இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்காமல் அன்று மாலையே விடுங்கள். ரிப்பன் கட்டிய செடிகளுக்கு அதிகம், சுற்றியுள்ள செடிகளுக்குக் கொஞ்சம், பத்துச் செஞ்சிலந்திக்கு ஒரு இரைவிழுங்கி என்ற விகிதத்துக்குக் குறையாமல். செஞ்சிலந்தி வலை கட்டி மொய்த்துவிட்ட செடியில் விட்டுப் பயனில்லை. அதைத் தண்ணீரால் கழுவி, மோசமான இலைகளைக் கிள்ளி எடுத்த பிறகு விடுங்கள். அதன் பின் நான்காம் நாள், ஏழாம் நாள், பதினோராம் நாள் என்று அந்தச் செடிகளை மட்டும் 20 மடங்கு லென்ஸில் பார்த்து, நீள்வட்ட முட்டை கண்ட சிற்றிலைகளின் எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள்.